எந்த அலமாரியில் தேடுவது?

சென்ற ஆண்டு திருவருகைக் காலத்தின் முதல் வாரம். குடில் ஜோடிக்கும் பொறுப்பு வழக்கம்போல் பத்தாம் வகுப்பு மாணவியராகிய எங்களுக்குத் தரப்பட்டது. சுரூபங்கள் வைத்திருந்த மரப்பெட்டியை ஆவலோடு திறந்தோம். மாதா இருந்தார்கள், மூவரசர்கள் இருந்தார்கள், இடையர்கள், மாடு, கழுதை எல்லாம் பத்திரமாக இருந்தன. சூசையப்பர் மட்டும் இடுப்போடு ஒடிந்து, வைக்கோலுக்குள் இரண்டு துண்டாகக் கிடந்தார்!

"இதற்கென்ன, ஆன்லைனில் ஒரு நிமிடத்தில் வாங்கிவிடலாம்" என்று எங்களில் ஒருத்தி சொன்னாள். அந்த ஒரு நிமிடம் ஒன்றேகால் மணி நேரம் நீண்டது. அந்த ஒன்றேகால் மணி நேரத்தில் எங்கள் மனத்தில் எழுந்த எண்ணங்களே இக்கட்டுரை. நாங்கள் வியாபாரிகளும் அல்ல, கணிப்பொறி வல்லுநர்களும் அல்ல. ஆனால் தேடித் தேடி அலுத்தவர்களுக்கும் ஒரு கருத்து இருக்கலாம் அல்லவா?

முதலில் 'கிரிப்' என்று ஆங்கிலத்தில் தட்டச்சு செய்தோம். நூற்றுக்கணக்கில் கைக்குழந்தைக் கட்டில்கள் வந்து நின்றன. கொசுவலை வைத்தது, சக்கரம் வைத்தது, ஆட்டக்கூடியது. ஆங்கிலத்தில் அந்தச் சொல்லுக்கு அதுவும் ஒரு பொருள்தானே! பிறகு 'நேட்டிவிட்டி' என்று மாற்றிப் போட்டோம். முழு செட்டுகளாகவே வந்தன. தனிச் சூசையப்பரை யாரும் விற்பதாகத் தெரியவில்லை. அவை எல்லாம் 'வீட்டு அலங்காரம்' என்ற பிரிவில், அதற்குள் 'ஷோபீஸ்' என்ற உட்பிரிவில் இருந்தன. பக்கத்தில் ஃபில்டர்கள் இருந்தன. (மயிலாப்பூரில் ஃபில்டர் என்றால் காப்பிதான் நினைவுக்கு வரும். இது வேறு.) விலை, நிறம், கம்பெனி, தள்ளுபடி, வாங்கியவர்கள் கொடுத்த நட்சத்திரம் என்று ஐந்து. நம் சூசையப்பர் பழுப்பு அங்கி அணிந்தவராயிற்றே என்று 'பழுப்பு' என்ற கட்டத்தைத் தொட்டோம். மர யானை ஒன்றும், தியானம் செய்யும் புத்தர் ஒருவரும் வந்தார்கள். உயரத்துக்குக் கட்டமே இல்லை. 'ஆறு அங்குலம்' என்று எழுதித் தேடினோம். ஆறு பொம்மைகள் அடங்கிய பெட்டி வந்தது.

மறுநாள் மாலை இருவர் மட்டும் ஓர் ஆசிரியையின் துணையோடு சாந்தோம் பேராலயத்துக்கு அருகில் ஜெபமாலையும் சுரூபமும் விற்கும் ஒரு சிறிய கடைக்குச் சென்றோம். அங்கிருந்த பெரியவர் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு கேட்டார்: "நின்ன சூசையப்பராம்மா, முட்டி போட்டவரா?" பிறகு, "உங்க மாதா எவ்வளவு உயரம்?" பிறகு, "பழசு பிளாஸ்டரா, ஃபைபரா?" கடைசியாக, "கையில விளக்கு வேணுமா, கோல் போதுமா?" நான்கே கேள்விகள். ஏணியில் ஏறினார், இறங்கினார். சூசையப்பர் வந்துவிட்டார்.

இந்தக் கதையை நூலகப் பொறுப்பாளரான சிஸ்டரிடம் சொன்னோம். அவர்கள் சிரித்துவிட்டு, "அந்தக் கடைக்காரர் கேட்டது ரங்கநாதன் கேள்விகள்" என்றார்கள். எங்களுக்குத் தெரிந்தது தி.நகர் ரங்கநாதன் தெரு ஒன்றுதான்! அந்தத் தெருவுக்கும் இவருக்கும் தொடர்பில்லை, பெயர் ஒற்றுமைதான் என்று பிறகு அறிந்தோம்.

சீர்காழியில் 1892-ஆம் ஆண்டு பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன் கணிதம் படித்தவர். சென்னை மாநிலக் கல்லூரியில் கணிதம் கற்பித்தவர். 1924-இல் அவர் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகர் ஆனார். வேலை பிடிக்கவில்லை. வகுப்பறையை விட்டு வந்தவருக்கு அந்த அமைதி சிறைபோல் இருந்ததாம். திரும்பவும் கல்லூரிக்கே போய்விடுகிறேன் என்றாராம். அதற்குள் நூலகக் கலை பயில அவரை லண்டனுக்கு அனுப்பிவிட்டார்கள். அங்கே பல நூலகங்களைச் சுற்றிப் பார்த்தார். ஆனால் அவருக்கு வழி காட்டியது ஒரு கடை! பெரிய பல்பொருள் அங்காடி ஒன்றில் 'மெக்கானோ' என்ற விளையாட்டுச் சாமானைக் கண்டார். துளையிட்ட உலோகப் பட்டைகள், சக்கரங்கள், திருகாணிகள். அதே துண்டுகளை ஒரு விதமாகச் சேர்த்தால் பாலம், இன்னொரு விதமாகச் சேர்த்தால் பளு தூக்கும் இயந்திரம். புத்தகங்களின் பொருளையும் இப்படித் துண்டு துண்டாகப் பிரித்து வேண்டியபடி சேர்க்கலாமே என்று அவருக்குத் தோன்றியது. அந்த எண்ணமே 1933-இல் 'கோலன் வகைப்பாடு' என்ற நூலாகச் சென்னையில் வெளிவந்தது. துண்டுகளை இணைக்கும் திருகாணியாக அவர் வைத்தது முக்காற்புள்ளி என்னும் கோலன் குறி. அதனால்தான் அப்பெயர்.

இதில் என்ன புதுமை என்று கேட்கலாம். அதற்கு முன்பே, 1876-இல், அமெரிக்காவின் மெல்வில் டியூவி என்பவர் அறிவு அனைத்தையும் பத்துப் பிரிவாக்கி, ஒவ்வொன்றையும் மறுபடி பத்தாக்கி ஒரு பெரிய மரம்போல் அமைத்துவிட்டார். எங்கள் பள்ளி நூலகமும் அவர் முறைப்படிதான் அடுக்கப்பட்டிருக்கிறது. மரத்தில் ஒரு சங்கடம் உண்டு. இலை ஒரே கிளையில்தான் இருக்க முடியும். 'தமிழ்நாட்டில் நெற்பயிர் நோய்கள்' என்ற புத்தகத்தைப் பயிர் என்ற கிளையில் வைப்பதா, நோய் என்ற கிளையில் வைப்பதா, தமிழ்நாடு என்ற கிளையில் வைப்பதா? ரங்கநாதன் இந்தக் கேள்வியையே மாற்றிவிட்டார். எந்தக் கிளை என்று கேளாதே, இந்தப் பொருளுக்கு எத்தனை முகங்கள் என்று கேள் என்றார். அது எதைப் பற்றியது, என்ன பொருளால் ஆனது, அங்கே என்ன செயல் நடக்கிறது, எந்த இடம், எந்தக் காலம் என்று ஐந்து முகங்களைச் சொன்னார்.

தமிழ் படிக்கும் நமக்கு இது புதிதா, தோழியரே? முதற்பொருள் என்றால் நிலமும் பொழுதும் என்று இலக்கண வகுப்பில் எத்தனை முறை ஒப்பித்திருக்கிறோம்! ஒரு சங்கப் பாடலைக் கையில் கொடுத்தால் எந்த நிலம், எந்தப் பொழுது, என்ன பூ, என்ன பறவை, என்ன உணர்ச்சி என்று கேட்டுத்தானே திணை கண்டுபிடிக்கிறோம்? ரங்கநாதன் அதிலிருந்து எடுத்தார் என்று நாங்கள் சொல்லவில்லை. இப்படிக் கேட்கும் பழக்கம் நமக்கு அந்நியமானது அல்ல என்றே சொல்கிறோம்.

இன்று ஆன்லைன் கடையில் திரையின் ஓரத்தில் இருக்கும் அந்தக் கட்டங்கள் ரங்கநாதன் சொன்ன முகங்களின் வழி வந்தவையே. கடையில் கண்ட பொம்மையில் பிறந்த எண்ணம், சென்னையில் நூலகத்தில் வளர்ந்து, உலகைச் சுற்றி மறுபடியும் கடைக்கே வந்திருக்கிறது. ஆனால் வந்த இடத்தில் அதைச் சரியாக நடத்துகிறார்களா என்பதில்தான் எங்களுக்கு ஐயம்.

பாண்டி பஜாரில் ஒரு பெரிய ஜவுளிக் கடைக்குப் போகிறோம். முதல் மாடி பட்டு, இரண்டாம் மாடி பருத்தி, மூன்றாம் மாடி சுடிதார். பட்டும் பருத்தியும் கலந்த சேலை எந்த மாடியில் இருக்கும்? கட்டடத்துக்கு வேறு வழியில்லை, ஏதோ ஒரு மாடியில்தான் வைக்க வேண்டும். திரைக்கு மாடி ஏது? ஒரே சேலை பட்டு என்று தேடுகிறவளுக்கும், பருத்தி என்று தேடுகிறவளுக்கும், ஆயிரம் ரூபாய்க்குள் என்று தேடுகிறவளுக்கும் தென்படலாம். அப்படியிருந்தும் பல கடைகள் தங்கள் மாடிப்படிகளை அப்படியே திரைக்குத் தூக்கி வந்திருக்கின்றன. 'வீட்டு அலங்காரம்' என்ற மாடியில் ஏறி 'ஷோபீஸ்' என்ற அறைக்குள் நுழைந்தால்தான் சூசையப்பரைப் பார்க்கலாம் என்றால், அவரைத் தேடும் நம் பாட்டிக்கு அது எப்படித் தோன்றும்? பாட்டிக்குச் சூசையப்பர் ஷோபீஸா?

ஒரு பொருளை ஒரே இடத்தில்தான் வைக்க வேண்டும் என்ற பிடிவாதம் வரி அதிகாரிகளுக்கு அவசியம். ஒரு பொருளுக்கு இரண்டு வரி போட முடியாதே! 2020-இல் கர்நாடகத்தில், பொட்டலத்தில் வரும் பரோட்டா ரொட்டி வகையில் சேராது, ஆகவே 18 சதவீதம் வரி என்று ஜி.எஸ்.டி. முன்தீர்ப்பு ஆணையம் சொன்னபோது நாடே சிரித்தது. அது வரிக்கணக்கு. பசியோடு இருப்பவருக்குப் பரோட்டாவும் சிற்றுண்டிதான்.

பெயர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். நாம் வாணலி என்கிறோம். எங்கள் வகுப்பிலேயே ஒருத்தி வீட்டில் இருப்புச்சட்டி என்கிறார்கள், திருநெல்வேலிப் பக்கத்துத் தோழி சீனச்சட்டி என்கிறாள், சேலத்துத் தோழி வடச்சட்டி என்கிறாள். 'கடாய்' என்று எழுதினால்தான் கடை திறக்கும் என்றால் மற்ற மூவரும் என்ன செய்வார்கள்? இதற்கு மருந்து இருநூற்றுத் தொண்ணூறு ஆண்டுகளுக்கு முன்பே ஒரு சேசு சபைக் குரு தமிழுக்குச் செய்து வைத்துவிட்டார். வீரமாமுனிவர் 1732-இல் இயற்றிய சதுரகராதியைத்தான் சொல்கிறோம். 'சதுர்' என்றால் நான்கு. ஒரு சொல்லுக்கு எத்தனை பொருள் என்று சொல்வது பெயரகராதி. ஒரு பொருளுக்கு எத்தனை பெயர் என்று சொல்வது பொருளகராதி. தொகை, தொடை என்று இன்னும் இரண்டு. 'கிரிப்' என்றதும் தொட்டிலைக் காட்டிய கடைக்கு முதலாவது தேவை. 'சீனச்சட்டி' என்றதும் விழிக்கும் கடைக்கு இரண்டாவது தேவை. 1968-இல் உலகத் தமிழ் மாநாட்டையொட்டி மெரினாவில் வைத்த அவர் சிலையைத் தாண்டித்தான் நம்மில் பலர் தினமும் பேருந்தில் வருகிறோம்.

இதுவரை சொன்னது சிரமம் மட்டுமே. இனிச் சொல்லப்போவது எங்களைச் சற்று வருத்தியது.

அலமாரியை அடுக்குகிறவர் யாரோ, அவருடைய கண்ணே அலமாரியில் தெரியும். டியூவியின் முறையில் மதத்துக்கு உரியது 200 முதல் 299 வரை. அதில் 220 முதல் 289 வரை வேதாகமத்துக்கும் கிறிஸ்தவத்துக்கும். இந்து சமயம், பௌத்தம், சமணம், இஸ்லாம், யூதம் என்று உலகத்தின் மற்ற சமயங்கள் எல்லாம் 290 என்ற ஒரே வீட்டில் ஒண்டுக் குடித்தனம். நாம் கத்தோலிக்கப் பள்ளி மாணவியர். நமக்கு இடம் தாராளமாக இருக்கிறது என்று மகிழலாமா? கபாலீசுவரர் கோயிலும் சாந்தோம் பேராலயமும் ஒரே ஊரில் இருக்கும் மயிலாப்பூரில் உட்கார்ந்து அந்த எண்களைப் பார்த்தால் கூச்சமாகத்தான் இருக்கிறது. டியூவி கெட்டவர் என்று நாங்கள் சொல்லவில்லை. அவர் தம் ஊரிலிருந்து பார்த்தார், அவ்வளவே.

கடைகளிலும் அப்படித்தான். ஒரு நாள் பொம்மைப் பிரிவில் 'பெண் குழந்தைகள்' என்ற கட்டத்தைத் தொட்டுப் பார்த்தோம். சமையல் செட், அலங்காரப் பெட்டி, பாவாடை கட்டிய பொம்மை. தொலைநோக்கியும், திருகாணி போட்டு இணைக்கும் சாமான்களும் மாயமாய் மறைந்துவிட்டன! அந்த மெக்கானோ வகைப் பொம்மை 'ஆண் குழந்தைகள்' பெட்டிக்குள் இருக்கிறது. ரங்கநாதன் ஆண்பிள்ளையாகப் பிறந்தது நல்லதாயிற்று என்று ஒருத்தி கேலி செய்தாள். எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை. அதேபோல் உள்ளுடுப்புக்கும் காலுறைக்கும் நிறம் தேடும்போது 'தோல் நிறம்' என்று ஒரு கட்டம் உண்டு. தொட்டால் வெளிர் ரோஜா வருகிறது. எங்கள் வகுப்பில் நாற்பது பேர் இருக்கிறோம். அது யாருடைய தோல் என்று ஒவ்வொருவரும் கையை நீட்டிப் பார்த்தோம். ஒருவருடையதும் அல்ல.

எங்கள் தோழி ஒருத்தியின் அம்மா அடையாறு பக்கத்தில் துணிப்பை தைக்கிறார். 2021 டிசம்பரில் அரசு 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கத்தைத் தொடங்கியபின் நாலு பேர் கேட்டு வாங்கினார்கள். அந்த நம்பிக்கையில், பக்கத்து வீட்டு அண்ணனின் உதவியோடு, ஓர் ஆன்லைன் கடையிலும் பையைப் பதிவு செய்தார். மாதம் இரண்டு விற்றால் அதிகம். தையல் மோசமோ, விலை அதிகமோ என்று அவர் இரவெல்லாம் கவலைப்படுவதாகத் தோழி சொல்லி அழுதாள். நாங்கள் ஐந்தாறு பேர் ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து அவர்கள் வீட்டில் உட்கார்ந்து அந்தப் பக்கத்தைத் திறந்து பார்த்தோம். புகைப்படம் இருந்தது, விலை இருந்தது. துணி வகை என்ற இடம் காலி. அளவு காலி. நிறம் காலி. எத்தனை கிலோ தாங்கும் என்ற இடம் காலி. ஆங்கிலத்தில் பதினான்கு கட்டங்கள். அவசியம் என்று நட்சத்திரம் போட்டிருந்த மூன்றை மட்டும் அந்த அண்ணன் நிரப்பியிருந்தார். பிரிவு என்ற இடத்தில் 'பரிசுப் பொதி' என்று இருந்தது.

இப்போது எண்ணிப் பாருங்கள். வாங்க வருகிறவர் 'பருத்தி' என்ற கட்டத்தைத் தொடுகிறார். துணி வகை எழுதாத பை அந்தக் கணமே திரையிலிருந்து போய்விடுகிறது. அது பருத்திப் பை அல்ல என்பதால் அல்ல, பருத்தி என்று எழுதாததால். 'பெரியது' என்று தொடுகிறார். அளவு எழுதாதது மறுபடி விழுகிறது. கடையில் அலமாரிக்குப் பின்னால் விழுந்த பொருளைப் போல அது இருந்தும் இல்லை. தன் பை யார் கண்ணிலும் படவில்லை என்பது அந்த அம்மாவுக்குத் தெரியாது. விற்கவில்லை என்பது மட்டும் தெரியும். குறை தன் கையில்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

பெரிய கம்பெனிகளுக்கு இந்தப் பதினான்கையும் நிரப்ப ஆள் உண்டு. அந்த அம்மாவுக்கு நாங்கள் நிரப்பினோம், அகராதியை வைத்துக்கொண்டு. அடுத்த மாதம் பதினொரு பை விற்றது. அதுவொன்றும் பெரிய தொகை அல்ல. தோழியின் தம்பிக்கு ஸ்கூல் ஷூ வந்தது.

எங்கள் கருத்து இதுதான். காலியாக விட்ட கட்டத்தை 'இல்லை' என்று கடை எடுத்துக்கொள்ளக்கூடாது. பருத்தி என்று உறுதியானவற்றை முதலில் காட்டட்டும். கீழே 'துணி வகை தெரிவிக்கப்படாதவை இத்தனை' என்று சொல்லி அவற்றையும் திறந்து வைக்கட்டும். விற்பவரிடம் கேட்கும் கேள்வியைத் தமிழில் கேட்கட்டும், அதுவும் அந்தச் சாந்தோம் பெரியவர் கேட்டதுபோல் ஒவ்வொன்றாக. எல்லாப் பொருளுக்கும் ஒரே ஐந்து கட்டங்களை மாட்டிவிடும் சோம்பலையும் விட வேண்டும். சேலைக்கு நிறம் முக்கியம். சுரூபத்துக்கு உயரம். குக்கருக்கு எத்தனை லிட்டர், கேஸ் அடுப்பா, மின் அடுப்பா. 'வயது' என்ற முகம் பொம்மைக்குத் தேவை, ஏனெனில் சிறு திருகாணியைக் குழந்தை விழுங்கிவிடும். 'ஆண், பெண்' என்ற முகம் எதற்கு? எந்த ஆபத்தைத் தடுக்கிறது?

சிலர் கட்டங்களைக் குவித்துவிடுகிறார்கள், அதுவும் தொல்லைதான். கைபேசியின் சின்னத் திரையில் நாற்பது கட்டங்களைத் தள்ளிக்கொண்டே போனால் விரல் வலிக்கிறது. வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்த வேண்டும் என்று ரங்கநாதன் 1931-இல் எழுதிய நூலக விதிகளில் ஒன்று சொல்கிறது. வாங்குகிறவரும் அப்படித்தானே? கட்டத்தின் பக்கத்தில் 'இதில் இத்தனை பொருள் உள்ளது' என்று எண் போடுகிற கடைகளை நாங்கள் பாராட்டுகிறோம். நுழையும் முன்பே உள்ளே ஆள் இருக்கிறதா என்று தெரிந்துவிடுகிறது.

இக்கட்டுரையைப் படித்துப் பார்த்த ஒரு தோழியின் தந்தை, "இனிமேல் கட்டமே வேண்டாம், வாயால் சொன்னால் செயற்கை நுண்ணறிவு தேடிக் கொடுத்துவிடும்" என்றார். பெரியவர்களை மறுத்துப் பேசுவதற்கு மன்னிக்க வேண்டும். முட்டி போட்ட சூசையப்பர் ஒருவர் உண்டு என்பதே அந்தக் கடைக்காரர் கேட்கும்வரை எங்களுக்குத் தெரியாது. தெரியாத ஒன்றை வாயால் எப்படிச் சொல்வது? நல்ல கட்டங்கள் நமக்குக் கேட்கக் கற்றுக்கொடுக்கின்றன. அதோடு, அந்த நுண்ணறிவும் பையின் துணி என்னவென்று எங்கோ எழுதியிருந்தால்தானே எடுத்துச் சொல்லும்?

குடில் பிரித்த அன்று, சுரூபங்களைத் துணியில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்தபின், மூடியின் உட்புறம் ஒரு தாள் ஒட்டினோம். அடுத்த ஆண்டு பொறுப்பேற்கும் தங்கைகளுக்காக. 'சூசையப்பர், நிற்பவர், ஃபைபர், ஆறரை அங்குலம், கையில் கோல், சாந்தோம் கடை' என்று எழுதி, வாங்கிய ஆண்டையும் குறித்தோம். மாதாவுக்கும் மூவரசர்களுக்கும் அப்படியே. கழுதையின் உயரத்தை மட்டும் அளக்க மறந்துவிட்டோம்.